பெடல் ஸ்டீலுக்கு எந்த ஆம்ப்?

கடையில் ஆம்ப்ளிஃபையரைச் சோதிக்கிற கிட்டார்க்காரர் ஒரு கார்டை ஓங்கி மீட்டுவார், இரண்டு நொடி கேட்பார், அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார். சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாருக்கு அது போதும். பெடல் ஸ்டீல் கிட்டாரை வைத்துக்கொண்டு அப்படிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. இந்த வாத்தியத்தில் கேட்க வேண்டியதெல்லாம் அந்த இரண்டு நொடிக்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வாத்தியத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சில வார்த்தைகள். நான்கு கால்களில் கிடைமட்டமாக நிற்கும். ஒரு கழுத்துக்குப் பத்துக் கம்பிகள். இடக்கையில் உள்ள உருண்டையான எஃகுத் தண்டு கம்பிகளின் மேல் வழுக்கிச் செல்லும். கோட்டுவாத்தியக்காரர் கட்டையை ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை புரிந்துவிடும். புரியாதது கால்கள். இடது காலும் இரண்டு முழங்கால்களும் பெடல்களையும் நெம்புகோல்களையும் இயக்கி, கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் சுருதியை மாற்றுகின்றன. வலது கால் வால்யூம் பெடலை விட்டு எழுவதே இல்லை. 1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ பாட்டில் பட் ஐசக்ஸ் சுருதி மாற்றும் பெடலை இசையின் நடுவே மிதித்துக் காட்டியதும், அமெரிக்கக் கன்ட்ரி இசையின் ஒலியே மாறிப்போனது.

இதற்கு எந்த ஆம்ப் நல்லது என்று கேட்டால் ‘அவரவர் காது’ என்று பதில் வரும். கொஞ்சம் உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வாத்தியம் ஆம்ப்பிடம் சில வேலைகளைக் கேட்கிறது. அந்த வேலைகள் என்னென்ன என்று சொல்லிவிட முடியும். எந்தப் பெட்டி அவற்றைச் செய்கிறது, எது செய்யவில்லை என்றும் சொல்லிவிட முடியும். ரசனைக்கு இடம் அதற்கு அப்புறம்தான்.

வலது காலிலிருந்து தொடங்குவோம். கம்பியை மீட்டும் கணத்தில் வால்யூம் பெடல் ஏறக்குறையப் பாதிதான் திறந்திருக்கும். மீட்டிய ஒலி தேயத் தேய, கால் அதே அளவுக்குப் பெடலைத் திறந்துகொண்டே போகும். கேட்கிறவருக்குச் சுரம் தேயாமல் நிற்பதாகத் தோன்றும். அந்தக் கார்வைதான் பெடல் ஸ்டீலின் உயிர். அதைக் காப்பாற்ற ஆம்ப்பில் இரண்டு வகைக் கையிருப்பு வேண்டும். இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் ‘வாட் கூடினால் நல்லது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

முதலாவது, பெருக்கும் திறன். தேய்ந்துகொண்டிருக்கும் சிறிய சிக்னலைத் தூக்கி நிறுத்த ஆம்ப்பின் முன்பகுதியில் இடம் இருக்க வேண்டும். இதற்குக் கூடுதல் வாட் எதுவும் தேவையில்லை. கம்பி தேய்வதைக் கால் ஈடுகட்டுவதால் ஸ்பீக்கரிலிருந்து வெளியேறும் ஒலியின் அளவு மாறுவதில்லை. அனேகமாக எல்லா நல்ல ஆம்ப்பிலும் இது உண்டு. இரண்டாவதுதான் வாட் கேட்கிறது. கார்வையின் கடைசியில் பெடல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. கால் பின்வாங்குவதற்குள் விரலில் மாட்டிய பிக் அடுத்த கம்பியைச் சுண்டிவிடுகிறது. அந்த முதல் அடி, எந்தத் தடையும் இல்லாமல் ஆம்ப்புக்குள் பாய்கிறது. 10 வாட்டில் ஓடிக்கொண்டிருந்த வாசிப்பில் 10 டெசிபல் துள்ளல் வந்தால் அதைத் தாங்க 100 வாட் வேண்டும். 13 டெசிபல் என்றால் 200 வாட். தேர்ந்த வாசிப்பாளரின் கால் இந்தத் துள்ளலை வெகுவாக அடக்கும். வேகமான பாட்டில், முழுக் குழுவின் நடுவே, எந்தக் காலாலும் அதை முழுக்க அடக்க முடியாது.

அடக்காவிட்டால் என்ன? கொஞ்சம் டிஸ்டார்ஷன் ராக் கிட்டாருக்கு அழகு சேர்க்கிறதே, இதற்கு மட்டும் ஏன் ஆகாது? இதற்கான விடையை ஒரே ஒரு பெடல் அசைவில் காட்டிவிடலாம்.

ஈ9 சுருதியில் ஆறாவது கம்பி ஜி ஷார்ப், சுமார் 208 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கம்பி பி, சுமார் 247. இரண்டையும் சேர்த்து மீட்டிவிட்டு முதல் பெடலை மெதுவாக மிதித்தால் ஆறாவது கம்பி அசையாமல் நிற்கும், ஐந்தாவது மட்டும் ஒரு முழுச் சுரம் ஏறி சி ஷார்ப்புக்கு, அதாவது 277-க்குப் போய்ச் சேரும். இந்த வாத்தியத்தின் கையெழுத்து என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த அசைவைத்தான் சொல்வேன். இப்போது ஆம்ப் தன் எல்லையை மீறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இரண்டு சுரங்கள்தான் போகின்றன. வெளியே யாரும் வாசிக்காத வேறு சுரங்களும் சேர்ந்து வருகின்றன. அவற்றில் காதில் நன்றாக விழும் ஒன்று, கீழ்ச் சுரத்தின் இருமடங்கிலிருந்து மேல் சுரத்தைக் கழித்தால் வருவது. தொடக்கத்தில் அது 169 ஹெர்ட்ஸ். பெடல் இறங்க இறங்க அது சரிந்து 139-இல் நிற்கும். வாசிக்கிற சுரம் மேலே ஏறுகிறது; வாசிக்காத சுரம் அதற்கு எதிர்த்திசையில் கீழே வழுக்குகிறது. போய்ச் சேரும் இடம்கூடப் பொருத்தமானதுதான், 139 என்பது சி ஷார்ப்பின் கீழ் ஸ்தாயி. கெடுவது வழியில்தான். பெடல் ஸ்டீலில் கேட்க வருவதே அந்த வழியைத்தான்.

இந்த வாத்தியத்துக்குத் தெளிவான ஒலி வேண்டும் என்பது பழமைவாதிகளின் பிடிவாதம் அல்ல என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இதற்கு எதிராக ஒரு வலுவான சாட்சியம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் கீத் டொமினியன் தேவாலயங்களில் தலைமுறைகளாக ஸ்டீல் கிட்டார் வழிபாட்டு வாத்தியமாக இருந்துவருகிறது. 1997-இல் ஆர்ஹூலி நிறுவனம் ‘சேக்ரட் ஸ்டீல்’ என்ற தொகுப்பை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் அதைப் பரவலாகக் கேட்டது. அந்த மரபில் வந்த சக் கேம்பெல், ராபர்ட் ரேண்டால்ஃப் ஆகியோரின் பெடல் ஸ்டீலில் கரகரப்பு நிறைய உண்டு. கேட்பவரை எழுந்து நிற்கவைக்கும் கரகரப்பு அது. என் வாதம் இங்கே உடைகிறதா? இல்லை என்றே நினைக்கிறேன். அந்த வாசிப்பின் உச்சங்களில் ஸ்டீல் ஒரு பாடகரின் குரலாக, ஒற்றை வரிசையில் அழுகிறது, கூவுகிறது. ஒரு நேரத்தில் ஒரு கம்பி மட்டும் ஒலித்தால் கழிப்பதற்கு இன்னொரு சுரம் இல்லை; எதிர்த்திசையில் ஓடும் நிழலும் இல்லை. இரண்டு மூன்று கம்பிகள் சேர்ந்து நகரும் நாஷ்வில் பாணிக்குத்தான் இந்தச் சிக்கல். ஆகவே தீர்ப்பு அந்தப் பாணிக்கு உரியது. தேவாலய வாசிப்புக்கு அளவுகோலே வேறு.

இனி பெட்டிகளுக்கு வருவோம். முதலில் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப். 1963-இல் வந்தது, 85 வாட், நான்கு 6எல்6 வால்வுகள், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்கள். எத்தனையோ ஒலிப்பதிவுகளில் நாம் கேட்டு மயங்கிய ஸ்டீல் இதன் வழியாக வந்ததுதான். மிதமான சத்தத்தில் இதன் மேல் ஸ்தாயியில் ஒரு காற்றோட்டம் உண்டு. டிரான்சிஸ்டர் பெட்டிகள் பலவற்றில் அது இல்லை. இதன் ஸ்பிரிங் ரிவெர்ப்புக்கு ஈடு நான் கேட்டதில்லை. வால்வினால் இயக்கப்படும் அந்த ரிவெர்ப், கார்வைக்குப் பின்னால் ஓர் அறையையே கட்டித் தருகிறது. இந்த இரண்டு விஷயங்களில் ட்வின்தான் முதலிடம். அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் நுழைவாயிலிலேயே ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பெடல் ஸ்டீலின் பிக்கப் சாதாரண கிட்டாரின் பிக்கப்பைவிட மிக வலுவான சிக்னல் தரும். அதை ட்வினின் முதல் இன்புட்டில் கொடுத்தால் முன்பகுதி வால்வே திணறத் தொடங்கும். இரண்டாவது இன்புட்டில் கொடுத்தால் சிக்னல் பாதியாகும், திணறல் நிற்கும். ஆனால் முதல் இன்புட்டின் மின்தடை 1 மெகா ஓம். இரண்டாவதில் அது 136 கிலோ ஓமாகக் குறைந்துவிடுகிறது. நடுவில் வால்யூம் பெடலையும் வைத்துக்கொண்டு இவ்வளவு குறைந்த தடையைச் சந்திக்கும் பிக்கப், தன் மேல் ஸ்தாயிப் பளபளப்பை இழக்கும். எந்த அழகுக்காக ட்வினை வாங்கினோமோ அதையே கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் தெளிவை வாங்க முடிகிறது. நடுவே ஒரு பஃபர் வைத்தால் சரியாகும்; அதற்குத் தனிச்செலவு.

அடுத்து டோன் குமிழ்கள். ட்வினின் பாஸ், மிடில், ட்ரெபிள் மூன்றும் சேர்ந்து, நீங்கள் எங்கே திருப்பினாலும் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளத்தை உண்டாக்குகின்றன. மிடில் குமிழ் அந்தப் பள்ளத்தை நிரப்பும், அவ்வளவுதான், இடத்தை மாற்றாது. டெலிகாஸ்டர் கிட்டாருக்கு அது பொன்னான இடம். பெடல் ஸ்டீல் காதைக் குத்துகிற இடம் அதற்கு மேலே இருக்கிறது. மூன்றாவது கம்பி ஜி ஷார்ப், 415 ஹெர்ட்ஸ். எஃகுத் தண்டைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் அது 830 ஆகும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஸ்டீல்காரர் ஓடிப்போய் நிற்கும் இடம் பெரும்பாலும் அங்கேதான். மெல்லிய கம்பி, கனமான எஃகு, வலுவான பிக்கப் மூன்றும் கூடி அங்கே ஒரு கடுமையைக் கொண்டுவருகின்றன. ட்வினில் அந்த இடத்தை மட்டும் தணிக்க வழியில்லை. ட்ரெபிளைக் குறைத்தால் காற்றோட்டமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த பெட்டி நாஷ்வில் 400. மிசிசிப்பி மாநிலத்தின் மெரிடியன் நகரில் ஹார்ட்லி பீவி 1965-இல் தொடங்கிய நிறுவனம் 1970-களில் செஷன் 400 என்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஸ்டீல்காரர்களை மனதில் வைத்தே செய்தது. அந்த வழியில் 1980-களில் வந்தது நாஷ்வில் 400. பெயரில் உள்ள எண்ணை வாட் என்று எண்ணிவிடக் கூடாது. அது தருவது 210 வாட். ஒற்றை 15 அங்குல பிளாக் விடோ ஸ்பீக்கர். இதன் மிடில் பகுதியில் இரண்டு குமிழ்கள் உண்டு: ஒன்று எவ்வளவு கூட்டலாம், குறைக்கலாம் என்பதற்கு, இன்னொன்று எந்த இடத்தில் என்பதற்கு. இரண்டாவது குமிழ் 150 ஹெர்ட்ஸிலிருந்து 1,500 வரை நகரும். 800 பக்கம் வைத்துச் சற்றுக் குறைப்பது இந்த ஆம்ப் வைத்திருப்பவர்களிடையே பரவலான பழக்கம். மேலே சொன்ன 830-ஐ நினைத்துப் பார்த்தால் அந்தப் பழக்கத்தின் நியாயம் விளங்கும். ஒரு வாத்தியத்தின் குறையை அறிந்து, அதற்கு மட்டும் மருந்தாக வைக்கப்பட்ட குமிழ் அது. என் பார்வையில் ஸ்டீல் ஆம்ப்களின் வரலாற்றிலேயே மிகப் பயனுள்ள ஒற்றை முடிவு அதுதான். வாட் எண்ணிக்கையைவிடப் பெரியது.

வாட் கணக்கையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். 85-க்கும் 210-க்கும் இடையே வித்தியாசம் 4 டெசிபலுக்கும் சற்றுக் குறைவு. காதுக்கு இருமடங்கு சத்தமாகக் கேட்க 10 டெசிபல் வேண்டும். ஆக, இரண்டரை மடங்கு வாட் என்பது சத்தத்தில் ஒரு படி ஏற்றம்தான். இந்த 4 டெசிபலை ஸ்பீக்கரே தின்றுவிடவும் முடியும், தந்துவிடவும் முடியும். 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 101 டெசிபல் தரும் ஸ்பீக்கரை 85 வாட்டிலும், 97 தரும் ஸ்பீக்கரை 210 வாட்டிலும் ஓட்டினால் இரண்டும் ஒரே உயரத்துக்குத்தான் போகும். 1953-இல் கலிஃபோர்னியாவில் பாப் குரூக்ஸ் தன் முதல் ஸ்டாண்டல் ஆம்ப்பை ஸ்டீல் மேதை ஸ்பீடி வெஸ்டுக்குச் செய்துகொடுத்தபோது அதன் வலிமை 25 வாட்தான். அதோடு அவர் வைத்தது ஜேபிஎல் டி130. 15 அங்குலம், நான்கு அங்குலக் காயில், கொடுத்த ஒவ்வொரு வாட்டையும் ஒலியாக்கித் தருகிற ஸ்பீக்கர். ஸ்பீடி வெஸ்டின் அந்தக் கால வாசிப்பை இன்று கேட்டாலும், 25 வாட் என்ற எண்ணை நம்பக் கடினமாக இருக்கும்.

15 அங்குலம் ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் தவறு. ‘பெரிய கூம்பு, நிறையக் காற்றைத் தள்ளும்’ என்பார்கள். இரண்டு 12 அங்குலக் கூம்புகளின் பரப்பு ஒரு 15 அங்குலத்தைவிட அதிகம். அந்தக் கணக்கில் ட்வின்தான் ஜெயிக்க வேண்டும். 15 அங்குலக் கூம்பின் இயல்பான அதிர்வு பொதுவாகக் கீழே இருக்கும். இரட்டைக் கழுத்து ஸ்டீலில் இரண்டாவது கழுத்தான சி6-இன் அடிக்கம்பி 65 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. அதைத் தடுமாறாமல் தாங்க அது உதவும். இன்னொன்று, பெரிய கூம்பு மேல் ஸ்தாயியின் கூர்மையைச் சீக்கிரமே மழுக்கத் தொடங்கிவிடும். கிட்டாருக்கு அது குறை. தார ஸ்தாயியில் எஃகைச் சறுக்கும் வாத்தியத்துக்கு அது கருணை.

நாஷ்வில் 400-க்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ரிவெர்ப் மெலிந்தது, ட்வினைக் கேட்ட காதுக்கு அது போதாது. ஒலியில் ஓர் உலர்ந்த தன்மை உண்டு, தனியாக வாசிக்கும்போது அது தெரியும். குழுவோடு சேர்ந்துவிட்டால் மறையும். பின்பக்கத்தில் எஃபெக்ட்ஸ் இணைக்கும் ஜாக்குகளின் உட்தொடர்பில் நாளடைவில் களிம்பு ஏறி, வாசித்துக்கொண்டிருக்கும்போதே சத்தம் திடீரென்று இறங்கிவிடும். ஆம்ப் செத்துவிட்டது என்று பலர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். ஒரு சின்ன வயரால் இரண்டு ஜாக்குகளையும் இணைத்துவிட்டால் மேடையிலேயே சரியாகிவிடும். பிறகு ஜாக்கை மாற்றிக்கொள்ளலாம். ட்வினின் பத்து வால்வுகளில் ஒன்று நிகழ்ச்சி நடுவே போவதோடு ஒப்பிட்டால் இது சிறிய தொல்லை. பிளாக் விடோவின் கூம்புப் பகுதியைக் காந்தத்திலிருந்து கழற்றிப் புதிதாக மாட்டிக்கொள்ளவும் முடியும். பழுது பார்ப்பதை யோசித்துச் செய்த வடிவமைப்பு.

அதன் தம்பி நாஷ்வில் 112-ஐப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 80 வாட், ஒற்றை 12 அங்குலம், நகரும் மிடில் அப்படியே இருக்கிறது, எடை ஏறத்தாழ 20 கிலோ. ஒரே கழுத்தில் ஈ9 மட்டும் வாசிப்பவருக்கு, சின்ன அரங்கில், இது நிறைவாகவே வேலை செய்யும். சி6-இன் அடிக்கம்பிகளில் மூச்சு முட்டும்.

எடை என்பதைச் சில்லறை விஷயமாக ஒதுக்குபவர்கள் இந்த வாத்தியத்தைத் தூக்கியதில்லை. இரட்டைக் கழுத்து ஸ்டீல் பெட்டியோடு 30 கிலோவை நெருங்கும். ட்வின் இன்னொரு 29 கிலோ. நாஷ்வில் 400-உம் சுமைதான். ஐம்பது வயதைத் தாண்டிய வாசிப்பாளர் இரவு ஒரு மணிக்கு வாத்தியம், ஆம்ப் இரண்டையும் வண்டியில் ஏற்ற வேண்டும். அதனால் வாசிப்பையே குறைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எடை குறைந்த டி வகுப்பு டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இந்த இடத்தில் பெரிய உபகாரம். க்யூஎஸ்சி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பாட் க்வில்டரின் டோன் பிளாக் வரிசை, 200 வாட்டை இரண்டு கிலோ அளவுள்ள டப்பாவில் தருகிறது. சான் பிரான்சிஸ்கோவின் டிம் மார்கஸ் தானே பெடல் ஸ்டீல் வாசிப்பவர். அவருடைய மில்க்மேன் நிறுவனத்தின் ‘தி ஆம்ப்’ முன்பகுதியில் ஒரு வால்வும் பின்னால் 100 வாட் டி வகுப்பும் கொண்டது. ஸ்டீல்காரரின் காது எதை ஏங்குகிறது என்று தெரிந்தவர் செய்தது என்பது அதில் தெரிகிறது. ஃபெண்டரே 2019-இல் டோன் மாஸ்டர் ட்வினைக் கொண்டுவந்தது; எடை 15 கிலோ, உள்ளே 200 வாட் டி வகுப்பு. ஸ்டீல்காரருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்த 200 வாட்டையும் பழைய 85 வாட் ட்வினைப் போல நடந்துகொள்வதற்காகவே அது செலவிடுகிறது. டோன் குமிழ்களின் பள்ளமும் அப்படியே வந்துவிடுகிறது. சுமையைக் குறைத்துவிட்டு, நமக்குத் தொல்லை தந்த இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது.

என் தீர்ப்பு நாஷ்வில் 400-க்கே. தனியறையில், தணிந்த சத்தத்தில், ஈ9-இன் ஒரு மெல்லிய பாட்டுக்கு ட்வின்தான் அழகு என்பதை முழுமனதோடு ஒப்புக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். இரண்டு கழுத்து, ஐந்து பேர் குழு, நான்கு மணி நேரம், நிரம்பிய அரங்கு என்று ஒரு வாசிப்பாளரின் உண்மையான இரவை வைத்துப் பார்த்தால் ட்வின் விட்டுக்கொடுக்கும் இடங்களில் நாஷ்வில் நிற்கிறது. அதன் மெலிந்த ரிவெர்ப்பைத் தனிக்கருவி ஒன்றால் ஈடுகட்டலாம். ட்வினுக்கு நகரும் மிடிலையும் நான்கு டெசிபலையும் கொண்டுவர நான்கைந்து கருவிகள் வேண்டும்.

நாஷ்வில் 400 இப்போது தயாரிப்பில் இல்லை. பழையதை வாங்கும்போது ஜாக்குகளை முதலில் பாருங்கள். பிறகு வால்யூம் பெடலை முழுக்கத் திறந்து சி6-இன் பத்தாவது கம்பியைச் சுண்டி ஸ்பீக்கர் அதிர்கிறதா என்று கேளுங்கள். நல்ல பழையது கிடைக்காவிட்டால், நகரும் மிடில் கொண்ட முன்பகுதி ஒன்று, 200 வாட்டுக்குக் குறையாத டி வகுப்பு ஒன்று, தனிப்பெட்டியில் எமினன்ஸ் இபிஎஸ்-15சி போல ஸ்டீலுக்கென்றே செய்த 15 அங்குல ஸ்பீக்கர் என்று மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பணம் போதாதென்றால் முன்பகுதியில் சிக்கனம் செய்யலாம். ஸ்பீக்கரில் செய்யக் கூடாது.